தேயிலைச் சல்லடையும் எலெக்ட்ரான் கற்றையும்



இன்று நாம் கேமரன் மலையிலிருந்து புறப்பட்டு, ஓர் அறிவியல் வரலாற்றைச் சுற்றி வந்து, மீண்டும் கேமரன் மலைக்கே திரும்பப் போகிறோம்.

1885ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியின் நில அளவையாளரான வில்லியம் கேமரன் பகாங் மலைத்தொடரில் பயணம் செய்தார். சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவே மெல்லச் சரிந்து கிடக்கும் ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். ஆனால் பின்னால் வருவோர் கண்டுகொள்ளும்படி அந்த இடத்தை நிலப்படத்தில் அவர் குறித்து வைக்கவில்லை என்பார்கள். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே சென்று பார்த்த பின்னரே மலைவாசத் திட்டம் உருப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்திக் கன்று நட்ட கைகளில் நம்மவர் கைகள் பல. கேமரன் கண்டதற்கும், அந்த நிலம் மக்களுக்குப் பயன்பட்டதற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

காண்பது ஒரு வேலை. கண்டதை அளந்து குறிப்பது மற்றொரு வேலை. இரண்டாவது வேலை நடக்காத வரையில் முதல் வேலையின் பயன் நம் கைக்கு வருவதில்லை. இந்த உண்மையை அண்மைக்கால அறிவியலில் மிகத் தெளிவாகக் காட்டிய துறை ஒன்று உண்டு. லேசர் ஒளியைக் கொண்டு பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்களை முடுக்கும் துறை அது. அங்கே பிறக்கும் எலெக்ட்ரான் கற்றை நல்ல கற்றையா, இல்லையா என்று அளந்தறிந்த வரலாற்றையே இன்று நாம் பேசப்போகிறோம்.

முதலில் கேமரன் மலையிலுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைவோம். பறித்து வந்த கொழுந்தை வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், காற்றுப்பட வைத்துப் பதப்படுத்துகிறார்கள், சூட்டில் உலர்த்துகிறார்கள். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் தேயிலை ஒரே தரமானதன்று. அதில் பெரிய இலைத்துண்டு உண்டு, சிறு துணுக்கு உண்டு, தூளும் உண்டு. ஆகவே அதிரும் சல்லடைகளின் மீது அதை ஓடவிடுகிறார்கள். சல்லடைக் கண்ணின் அளவுக்கேற்ப அது தரம் தரமாகப் பிரிகிறது. பிறகு சுவை பார்ப்பவர் ஒவ்வொரு தரத்திலும் சிறிதளவு எடுத்து, கொதிநீர் ஊற்றி, குறித்த நேரம் வைத்துச் சுவைக்கிறார். 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட நேரம் என்று இதற்குப் பன்னாட்டுத் தர அமைப்பு 1980இல் ஒரு முறையையே வகுத்து வெளியிட்டது. காரணம் என்ன? அளக்கும் முறை ஆளுக்கு ஆள் மாறினால், இந்த மலைத் தேயிலையையும் அந்த மலைத் தேயிலையையும் ஒப்பிட்டுப் பேசவே முடியாது.

தேயிலைக்கு இத்தனை சோதனை என்றால், கண்ணுக்கே தெரியாத எலெக்ட்ரானுக்கு எத்தனை சோதனை வேண்டியிருக்கும்!

எலெக்ட்ரான் கற்றை நமக்கு அந்நியமான பொருளன்று. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் திரையின் பின்னாலிருந்து வந்து படம் வரைந்தது எலெக்ட்ரான் கற்றைதான். மருத்துவமனையில் புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர் கொடுக்கும் இயந்திரத்துக்குள்ளும் எலெக்ட்ரான் கற்றையே ஓடுகிறது. அந்தக் கற்றையை முதன்முதலில் அளந்து பார்த்துப் புகழ்பெற்றவர் ஜே. ஜே. தாம்சன். 1897இல் கேம்பிரிட்ஜில் அவர் வெற்றிடக் குழாயில் ஓடிய கதிரை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்தார். எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து, அந்தக் கதிரில் ஓடும் துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கணித்தார். வளைத்துப் பார்த்து அளப்பது என்னும் அந்த வழி இன்றும் மாறவில்லை என்பதைச் சற்றுப் பின்னால் காண்போம்.

எலெக்ட்ரானின் ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட் என்னும் அலகால் சொல்வது வழக்கம். ஆற்றல் மிகுந்த கற்றை வேண்டுமானால் இயந்திரமும் நீண்டு கொண்டே போகும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 1966இல் இயங்கத் தொடங்கிய நேர்கோட்டு முடுக்கியின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர். ஏன் இவ்வளவு நீளம்? முடுக்கியின் உலோகக் குழாய்களில் மின்புலத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் உலோகம் தாங்காது; தீப்பொறி பறந்து பழுதாகும். ஆகவே சிறிது சிறிதாக, நெடுந்தூரம் தள்ளித்தான் ஆற்றலைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இயந்திரத்தைப் பணமும் நிலமும் மிகுந்த நாடுகளே அமைக்க முடியும்.

ஏற்கெனவே உடைந்து போன பொருளை மேலும் உடைக்க முடியுமா? இந்தக் கேள்வியில்தான் புது வழி பிறந்தது. வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, எலெக்ட்ரானும் அயனியும் கலந்து கிடக்கும் நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். 1928இல் இப்பெயரை வைத்தவர் இர்விங் லாங்மூர். மின்னலும் சூரியனும் பிளாஸ்மாவே. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சிக்காகோவில் பேராசிரியராக விளங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர், பிளாஸ்மா இயற்பியல் குறித்து நடத்திய பாடங்கள் 1960இல் நூலாக வெளிவந்தன. பிளாஸ்மா முன்பே உடைந்த பொருள். அதில் எவ்வளவு பெரிய மின்புலத்தை எழுப்பினாலும் உலோகத்தைப் போலப் பழுதாவதில்லை.

1979இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் தோஷிகி தஜிமா, ஜான் டாசன் என்னும் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மிகச் செறிந்த, மிகக் குறுகிய லேசர்த் துடிப்பு ஒன்றைப் பிளாஸ்மாவுக்குள் செலுத்தினால் என்ன நடக்கும்? ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படகு ஒன்று விரைந்து போனால் பின்னால் அலை எழும்புகிறதல்லவா? அதுபோல் லேசர்த் துடிப்பின் பின்னால் எலெக்ட்ரான் அலை எழும்பும். அந்த அலையின் சரிவில் ஏறிக்கொள்ளும் எலெக்ட்ரான், சறுக்கிச் சறுக்கி வேகம் பெறும். உலோக முடுக்கியைப்போல் ஆயிரம் மடங்கு மின்புலம் அங்கே கிடைக்கும். கிலோமீட்டரில் செய்யும் வேலையை மீட்டரில் செய்துவிடலாம். இதுவே அவர்கள் காட்டிய வழி.

வழி தெரிந்தது, ஆனால் அதற்கேற்ற லேசர் அன்று இல்லை. 1985இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூருவும், லேசர்த் துடிப்பை முதலில் நீட்டி, பிறகு பெருக்கி, கடைசியில் சுருக்கும் முறையைக் கண்டார்கள். செறிந்த லேசர்கள் ஆய்வுக்கூட மேசைக்கு வந்து சேர்ந்தது இதன் பயனே. 2018இல் இவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அதே 1985ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் ஒரு பிளாஸ்மாப் பணி தொடங்கியதை இங்கே நினைவுகூர வேண்டும். கேமரன் மலையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் சிங் லீயின் வழிகாட்டலில் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு ஆய்வாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகமும், அப்துஸ் சலாம் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் தோற்றுவித்த பன்னாட்டு மையமும் இந்த முயற்சியோடு இணைந்திருந்தன. பயிற்சிக்கு வந்தவர்கள் 'பிளாஸ்மா குவிப்பான்' என்னும் சிறு இயந்திரத்தைத் தாங்களே அமைக்கக் கற்றார்கள். இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து முதலிய நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் பிறகு அத்தகைய இயந்திரம் இயங்கியது. இந்தப் பயிற்சியின் தொடர்ச்சியாக 1988இல் ஆசிய ஆப்பிரிக்கப் பிளாஸ்மாப் பயிற்சிச் சங்கம் கோலாலம்பூரில் அமைந்தது.

அந்த இயந்திரத்தில் லேசர் இல்லை. மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரே நொடிப்பொழுதில் வாயுவுக்குள் பாய்ச்சுவார்கள். பிளாஸ்மா ஊசிமுனைபோல் இறுகும். அப்போது எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமும் அயனிகள் எதிர்ப்பக்கமும் சீறிப் பாயும். ஆகவே அது லேசர் முடுக்கியின் உடன்பிறப்பு அன்று. ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். ஆனால் இரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் பிளாஸ்மா ஒரேமாதிரி நடந்துகொள்வதில்லை. ஆகவே இயந்திரத்தைச் செய்பவர் அதனுடன் அளவுக்கருவியையும் செய்தாக வேண்டும்.

மீண்டும் லேசருக்கு வருவோம். 1993இல் லாஸ் ஏஞ்சலஸில், இந்தியாவில் பிறந்த சந்திரசேகர் ஜோஷியின் குழுவினர், இரண்டு லேசர் அலைகளைக் கலந்து எழுப்பிய பிளாஸ்மா அலையில் வெளியிலிருந்து எலெக்ட்ரான்களைச் செலுத்தினார்கள். 21 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு உள்ளே போனவை 91 லட்சத்தோடு வெளியே வந்தன. 1995இல் இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வுக்கூடத்தில், பிளாஸ்மா அலை உடையும்போது எலெக்ட்ரான்கள் தாமாகவே அதில் ஏறிக்கொண்டு 4.4 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை சென்றதைக் கண்டார்கள்.

கேட்பதற்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மரபான முடுக்கிகளை வைத்து வேலை செய்வோர் அவ்வளவாக மகிழவில்லை. ஏன்? அந்த எலெக்ட்ரான்களில் ஆற்றல் மிகுந்தவை வெகு சில. ஆற்றல் குறைந்தவை ஏராளம். எல்லா ஆற்றலும் கலந்து கிடந்தன. சலிக்காத தேயிலையை மூட்டையில் கட்டி, உள்ளே இருக்கும் ஒரு நல்ல இலையைக் காட்டி விலை பேசினால் வாங்குவோர் ஒப்புவார்களா? அந்தக் கதைதான்.

அப்படியானால் ஒரு கற்றை நல்ல கற்றை என்று சொல்வதற்கு என்னென்ன அளக்க வேண்டும்? நான்கைச் சொல்லலாம். முதலாவது, எலெக்ட்ரான்களின் ஆற்றல் எவ்வளவு, அது எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதா என்பது. இரண்டாவது, கற்றையில் உள்ள மொத்த மின்னூட்டம் எவ்வளவு, அதாவது எத்தனை எலெக்ட்ரான்கள் என்பது. மூன்றாவது, அந்தக் கூட்டம் எவ்வளவு நேரத்தில் கடந்து போகிறது என்பது. நான்காவது, கற்றை எவ்வளவு மெலிதாகவும் எவ்வளவு விரியாமலும் ஓடுகிறது என்பது. இவற்றுள் நான்காவதுதான் அறிஞர்களைப் பெரிதும் அலைக்கழித்தது.

முதல் அளவை எப்படிச் செய்வது? தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பழைய மலைப்பாதையை நினைத்துக் கொள்வோம். கொண்டை ஊசி வளைவில் மெல்லச் செல்லும் வண்டி ஒடுங்கித் திரும்பும். வேகமாகப் போகும் வண்டி அகன்று வீசித் திரும்பும். காந்தத்துக்கு நடுவே செல்லும் எலெக்ட்ரானும் அப்படியே. ஆற்றல் குறைந்தது மிகுதியாக வளையும். ஆற்றல் மிகுந்தது குறைவாக வளையும். வளைந்து வந்து எங்கே விழுகிறது என்று காண, எக்ஸ்ரே படம் எடுக்கப் பயன்படும் ஒளிர்திரையை வைத்து, அதை ஒளிப்படக் கருவியால் படம் பிடிப்பார்கள். ஆற்றல் கலந்த கற்றை, திரையில் நீண்ட கோடாகத் தெரியும். ஆற்றல் ஒன்றான கற்றை, ஒரு பொட்டாகத் தெரியும். 1897இல் தாம்சன் செய்த வேலையேதான் இது.

பல ஆண்டுகளாகக் கோட்டையே பார்த்து வந்தவர்கள் பொட்டைப் பார்த்த ஆண்டு 2004. பொருத்தமான லேசர் அமைந்தால் அலை குமிழி வடிவம் பெறும், அதற்குள் எலெக்ட்ரான்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஆற்றலோடு வெளிவரும் என்று ஜெர்மனியில் புகோவும் மேயர்-டெர்-வேனும் 2002இல் கணினியில் கணித்திருந்தார்கள். 2004 செப்டம்பர் 30ஆம் நாள் வெளிவந்த 'நேச்சர்' இதழில் மூன்று குழுக்களின் கட்டுரைகள் ஒன்றாக அச்சேறின. இங்கிலாந்தின் மாங்கிள்ஸ் குழுவினர் 7 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை 3 சதவீத விரிவோடு காட்டினார்கள். அமெரிக்காவின் பெர்க்லியில் கெட்டெஸ் குழுவினர் 8.6 கோடி வோல்ட்டை 2 சதவீத விரிவோடு காட்டினார்கள். பிரான்சின் ஃபோர் குழுவினர் 17 கோடி வோல்ட்டை எட்டினார்கள். இவ்வளவும் சில மில்லிமீட்டர் நீளமுள்ள வாயுவில் நடந்தது! 'கனவுக் கற்றை' என்று அந்த இதழின் அட்டையே பாராட்டியது. 2006இல் பெர்க்லியின் லீமன்ஸ் குழுவினரும் ஆக்ஸ்ஃபோர்டின் ஹூக்கரும் 3.3 சென்டிமீட்டர் நீளத்தில் 100 கோடி வோல்ட்டை எட்டினார்கள். 2014இல் அது 420 கோடியாகவும், 2019இல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் 780 கோடியாகவும் உயர்ந்தது.

இரண்டாவது அளவான மின்னூட்டத்திலும் ஓர் ஐயம் இருந்தது. கற்றை ஒரு மின்சுருளின் நடுவே போகும்போது சுருளில் தூண்டப்படும் மின்னோட்டத்தைக் கொண்டு அளப்பது ஒரு வழி. திரையின் ஒளியைக் கொண்டு அளப்பது மற்றொரு வழி. இரண்டும் சில ஆய்வுகளில் வெவ்வேறு விடை தந்தன. எந்தத் தராசை நம்புவது? பெர்க்லியில் இவ்விரண்டு வழிகளோடு மூன்றாவது வழி ஒன்றையும் சேர்த்து, கவனமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரைச்சலும் ஆற்றல் குறைந்த எலெக்ட்ரான்களும் குறுக்கிடாமல் தடுத்தால் மூன்றும் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றன என்று 2011இல் வெளியிட்டார்கள். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசில் முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே எடையைக் கணக்கில் எழுத வேண்டும். அந்தக் கவலை நம் முன்னோர் பலர் அறிந்த கவலைதான்.

மூன்றாவது அளவு நேரம். இந்தக் கற்றை கடக்கும் நேரத்தை எந்தக் கடிகாரமும் காட்டாது. ஆகவே கற்றையை ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் வழியே ஊடுருவச் செய்து, அப்போது எழும் ஒளியின் நிறங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். கூட்டம் எவ்வளவு நெருக்கமோ, அதற்கேற்ப அந்த நிறங்கள் அமையும். 2011இல் பிரான்சில் லுண்டு குழுவினர் கண்ட விடை சுமார் 1.5 ஃபெம்டோ செகண்டு. அந்த நேரத்தில் ஒளிகூட ஒரு மில்லிமீட்டரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரமே செல்லும்.

இனி நான்காவது அளவு. இதற்கு எமிட்டன்ஸ் என்று பெயர். பெயர் கடினமானதுதான்; பொருள் எளிது. தோட்டத்தில் நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் மெலிதாக வெளிவரும், ஆனால் விசிறிபோல் விரிந்துவிடும். வாயைத் திறந்துவிட்டால் விரியாது, ஆனால் தடித்துவிடும். கற்றையின் தடிப்பையும் விரிவையும் சேர்த்துப் பெருக்கிச் சொல்லும் எண்ணே எமிட்டன்ஸ். காந்தவில்லைகளைக் கொண்டு தடிப்பைக் குறைக்கலாம், விரிவைக் குறைக்கலாம். பெருக்குத்தொகையை மட்டும் குறைக்க முடியாது. அது கற்றையோடு பிறந்த குணம். எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. மில்லிமீட்டரையும் மில்லிரேடியனையும் பெருக்கிய அலகில், ஆற்றலுக்கேற்பச் சரிப்படுத்தி, அதைக் குறிப்பார்கள். சிறந்த மரபு முடுக்கிகளின் தொடக்கக் கருவிகளில் இது ஏறத்தாழ 1 அல்லது அதற்கும் கீழே இருக்கும்.

இதை அளக்க எடுத்த கருவி நம் தேயிலைச் சல்லடையைப் போன்றது! கனமான உலோகத் தகட்டில் வரிசை வரிசையாக நுண்துளைகள் இட்டுக் கற்றையின் குறுக்கே வைப்பார்கள். ஆங்கிலத்தில் இதை மிளகுத்தூள் தூவும் குப்பியின் பெயரால் அழைப்பர். வடிவம் சல்லடை, வேலை சற்று வேறு. தேயிலைச் சல்லடை பெரிதையும் சிறிதையும் பிரிக்கிறது. இந்தச் சல்லடையோ கற்றையைப் பல நூலிழைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வோர் இழையும் அப்பால் உள்ள திரையில் ஒரு பொட்டு வைக்கும். பொட்டு எவ்வளவு பரந்திருக்கிறது, துளைக்கு நேரே இல்லாமல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டால் எமிட்டன்ஸ் கிடைக்கும். 2004இல் பிரான்சில் ஃபிரிட்ஸ்லர் குழுவினர் இவ்வாறு அளந்து, 5.5 கோடி வோல்ட் எலெக்ட்ரான்களுக்கு 2.7 என்று கண்டார்கள். 2010இல் ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் புருனெட்டி குழுவினர் 12.5 கோடி வோல்ட் கற்றையில் சராசரி 2.2 என்றும், மிகச் சிறந்தது 1.1 என்றும் கண்டார்கள். அந்த 1.1 கற்றையின் எல்லை அன்று, தங்கள் கருவியின் எல்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். சல்லடைக் கண்ணைவிட நுண்ணிய தூளைச் சல்லடை அறியாதல்லவா?

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். 2013இல் இத்தாலிய அறிஞர்கள் இரண்டு செய்திகளை வெளியிட்டார்கள். சியாங்கி குழுவினரின் செய்தி சல்லடையைப் பற்றியது. பிளாஸ்மாவில் பிறக்கும் கற்றை தொடக்கத்தில் தலைமயிரின் தடிப்பைக் காட்டிலும் பன்மடங்கு மெலிதானது. ஆனால் வெளியே வந்தவுடன் விரைந்து விரிகிறது. அப்படி விரிந்த கற்றையைச் சில துளைகளால் மட்டும் பார்த்தால், உள்ளிருக்கும் உண்மை தெரியாமல் தவறான எண் வந்துவிடலாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

மிக்லியோராத்தி குழுவினர் சொன்னது கற்றையையே பற்றியது. ஆற்றல் வேறுபாடும் விரிவும் சேர்ந்து இருக்கும் கற்றையில், அது வெறும் வெளியில் போய்க்கொண்டிருக்கும்போதே எமிட்டன்ஸ் வளர்ந்துகொண்டே போகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். பிறந்த இடத்தில் நல்ல கற்றை. அளக்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் தரம் குன்றிய கற்றை.

தோட்டத்து நேயர்களுக்கு இது வியப்பாக இராது. செடியில் இருக்கும்போது இளங்கொழுந்து. பறித்துச் சாக்கில் திணித்து வெயிலில் வைத்தால் சூடேறிக் கருகிவிடும். அதனால்தான் தொழிற்சாலையைத் தோட்டத்துக்குள்ளேயே கட்டினார்கள். விஞ்ஞானிகளும் அந்த முடிவுக்கே வந்தார்கள். கற்றை பிறந்த இடத்துக்கு மிக அருகிலேயே அதைப் பிடித்துக் குவிக்க வேண்டும். இயன்றால் பிறக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும்.

இதற்கான வழிகளும் பிறந்தன. 2012இல் ஜெர்மனியில் வைன்கார்ட்னர் குழுவினர், கைக்கு அடக்கமான நிலைக்காந்தங்களால் ஆன வில்லைகளை வைத்துக் கற்றையைக் குவித்தார்கள். ஆற்றலுக்கேற்பக் குவியும் இடம் மாறுவதால், ஒரே துடிப்பில், ஒரே படத்தில், பல அளவுகள் கிடைத்தன. அவர்கள் கண்ட எமிட்டன்ஸ் சுமார் 0.2. அதே ஆண்டில் பெர்க்லியில் பிளாட்டோ குழுவினர், கற்றையைத் தொடாமலேயே அளந்தார்கள். குமிழிக்குள் எலெக்ட்ரான்கள் இப்படியும் அப்படியும் ஆடும்போது எக்ஸ் கதிர் வெளிவருகிறது. அந்தக் கதிரைப் பகுத்து, கற்றையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றும், எமிட்டன்ஸ் சுமார் 0.1 என்றும் கணித்தார்கள். முன்பு சல்லடை சொன்ன எண்ணைவிடக் கற்றை பல மடங்கு நல்லதாக இருந்திருக்கிறது! அளவுக்கருவி திருந்தியபோது பொருளின் மதிப்பே உயர்ந்துவிட்டது.

எனினும் ஒரு கோப்பை நன்றாக இருந்தால் போதுமா? நூறு பெட்டியும் ஒன்றுபோல் இருந்தால்தான் வணிகம். 2020இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் மையர் குழுவினர், தங்கள் முடுக்கியை 24 மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி, ஒரு லட்சம் கற்றைகளை அளந்து பதிவு செய்தார்கள். கற்றையின் ஆற்றல் ஏன் ஏறி இறங்குகிறது என்று தேடியதில், லேசரின் சிறுசிறு மாற்றங்களே பெரும் காரணம் என்று தெரிந்தது. நோய் இன்னதென்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்கலாம்?

கடைசிச் சோதனை சுவைப்பவரின் நாக்கு. எலெக்ட்ரான் கற்றைக்கு அத்தகைய சோதனை ஒன்று உண்டு. காந்தங்கள் மாறி மாறி அடுக்கிய நீண்ட பாதையில் கற்றையை ஓடவிட்டால், அது உண்மையிலேயே நல்ல கற்றையாக இருந்தால் மட்டுமே, லேசர்போல் ஒளி பெருகி வெளிவரும். காகிதத்தில் என்ன எண் எழுதினாலும் இங்கே செல்லாது. 2021இல் சீனாவின் ஷாங்காய் நகரில் வாங் வென்தாவ் முதலியோர், லேசர்-பிளாஸ்மா முடுக்கி தந்த 49 கோடி வோல்ட் கற்றையைக் கொண்டு 27 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்த ஒளியைப் பெருக்கிக் காட்டினார்கள். கற்றையின் ஆற்றல் விரிவு சுமார் 0.5 சதவீதம். தஜிமாவும் டாசனும் எழுதியதற்கு 42 ஆண்டுகளுக்குப் பின் கோப்பை நிறைந்தது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். உடலின் ஆழத்திலுள்ள புற்றுநோய்க் கட்டிக்கு உயர் ஆற்றல் எலெக்ட்ரான்களால் சிகிச்சை தர முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. சிறிய, செலவு குறைந்த முடுக்கி வந்தால், பெரிய நகரத்து மருத்துவமனை மட்டுமல்லாமல் சிறு ஊர் மருத்துவமனையும் அதைப் பெறலாம். மலையிலிருந்து நோயாளியை நெடுந்தூரம் இறக்கிக் கொண்டுபோகும் குடும்பங்களுக்கு அது எத்தகைய உதவி! ஆனால் கற்றை ஒருமுறை மிகையாகவும் ஒருமுறை குறைவாகவும் வந்தால் எந்த மருத்துவர் அதை நோயாளியின் மீது பாய்ச்சத் துணிவார்? ஆற்றல் எத்தனை கோடி என்ற செய்தி நாளேட்டில் வரும். மருத்துவர் கேட்கும் கேள்வியோ வேறு: நேற்று வந்தது போலவே இன்றும் வருமா, அதை அளந்து பார்த்தவர் யார், எந்தக் கருவியால் அளந்தார் என்பதே அது.

வில்லியம் கேமரன் கண்ட மலைக்கு மீண்டும் வந்துவிட்டோம். 1995இல் கண்ட எலெக்ட்ரான்களும் ஒருவகையில் நிலப்படத்தில் குறிக்காத மேட்டுநிலமே. பலர் பொறுமையாகச் சங்கிலி பிடித்து அளந்த பின்னரே அங்கே பாதை போட முடிந்தது. அப்படி அளந்தவர்களுள் பலர், முன்னால் வந்த அளவு பிழையானது என்று சொல்லத் தயங்காதவர்கள். தம் கருவியின் எல்லையைத் தாமே சொன்னவர்கள்.

நம் பிள்ளைகளுள் அறிவியல் படிப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். புதியதைக் காணும் ஆசை நல்லது. அதை அளந்து காட்டும் கருவியைச் செய்யும் ஆசையும் உடன் வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1985இல் சில மின்தேக்கிகளையும் ஒரு வாயுக்குழாயையும் வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். நாளைக் காலை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது, அதிலுள்ள தேயிலை எத்தனை சல்லடைகளைக் கடந்து வந்தது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.